பெட்டி ஓசி, பார்ப்பவர் சரக்கு

(தொழிலாளர் படிப்பகத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் இதே இடத்தில் கூட்டம் முடிந்து கலையும்போது, நூற்புப் பகுதியில் வேலை செய்யும் இளந்தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி போட்டார். "அமெரிக்காவிலே எத்தனையோ வருஷமாக வீட்டுக்கு வீடு டெலிவிஷன் காட்டினார்களே, பார்த்தவனிடம் சல்லிக் காசு வாங்கவில்லையாமே? முதலாளி எதையாவது ஓசியில் கொடுப்பானா, தோழர்?" என்றார். பக்கத்தில் நின்ற விவசாயத் தொழிலாளி, வயதில் மூத்தவர், இன்னொன்று கேட்டார். "அந்தப் பெட்டியிலே நம்மைப் போலக் கூலிக்காரன் முகம் என்றைக்காவது தெரிந்ததா? தெரிந்ததனால் அவன் கூலி ஒரு காசாவது ஏறிற்றா?"

இரண்டும் நல்ல கேள்விகள். அன்று கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பதில் கடனாக நின்றது. இன்று அந்தக் கடனை அடைக்க வந்திருக்கிறோம்.

வயலில் பிறந்த யோசனை

டெலிவிஷன் ஒரே மனிதன் தலையில் உதித்ததல்ல. பல நாட்டு விஞ்ஞானிகள் உழைத்து உருவான சாதனம் அது. அவர்களில் ஒருவர் கதையை மட்டும் சொல்லுகிறோம். பைலோ பார்ன்ஸ்வொர்த் என்பது அவர் பெயர். 1906ல் யூட்டா மாநிலத்தில் பிறந்து, ஐடஹோ மாநிலத்தில் வயல் வேலை செய்து வளர்ந்த பையன். உழுத நிலத்தில் சால் சாலாக வரிகள் ஓடுவதைப் பார்த்தபோது, ஒரு படத்தையும் இப்படி வரிவரியாக வெட்டி மின்சாரத்தில் அனுப்பலாமே என்று 14 வயதில் அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். 1927 செப்டம்பரில், 21 வயதில், சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சிறு சோதனைக்கூடம் ஒன்றில் அதைச் செய்தே காட்டிவிட்டார்.

அப்போது அமெரிக்காவில் ரேடியோத் தொழிலை ஆண்டது ஆர்.சி.ஏ. என்ற ராட்சசக் கம்பெனி. அதன் தலைவர் டேவிட் சார்னாப். இந்தப் பையனின் கண்டுபிடிப்பைத் தங்கள் ஆள் முன்பே கண்டுபிடித்தார் என்று கம்பெனி வழக்காடிற்று. வழக்கில் பார்ன்ஸ்வொர்த் ஜெயித்தார். 1939ல் கம்பெனி அவருக்கு 10 லட்சம் டாலர் கொடுத்து உபயோகிக்கும் உரிமை பெறவேண்டி வந்தது. சத்தியம் ஜெயித்தது என்று கை தட்டிவிடாதீர்கள். உடனே யுத்தம் வந்தது. டெலிவிஷன் உற்பத்தி நின்றது. யுத்தம் முடிந்து வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் அவருடைய முக்கியமான காப்புரிமைகளின் காலம் முடிந்துவிட்டது. உழுதவன் ஒருவன், களத்தில் நெல்லை அள்ளியவன் வேறொருவன். இந்தக் கதை உங்களுக்குப் புதிதா என்ன?

காற்றுக்கு வேலி

டெலிவிஷன் வருமுன்பே ரேடியோவில் பாதை போட்டாகிவிட்டது. 1922 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஒரு டெலிபோன் கம்பெனியின் ரேடியோ நிலையம், வீட்டு மனை வியாபாரி ஒருவரிடம் காசு வாங்கிக்கொண்டு அவருடைய குடியிருப்பைப் புகழ்ந்து பேச இடம் கொடுத்தது. கூலிக்கு வண்டி விடுவது போலக் காற்றை வாடகைக்கு விட்டார்கள். எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

நெட்வொர்க் என்கிறார்களே, அது என்ன? நியூயார்க்கில் ஒரு நாடகம் நடக்கிறது. அதை டெலிபோன் கம்பிகளின் மூலம் நூற்றுக்கணக்கான ஊர்களில் உள்ள நிலையங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். ஊர் நிலையம் அதை வாங்கி வீடுகளுக்கு விடுகிறது. செலவு ஒரு நாடகத்துக்கு; வருமானம் நாடு முழுவதிலிருந்தும். ஆர்.சி.ஏ. 1926ல் இதற்கென்றே என்.பி.சி. கம்பெனியைத் தொடங்கிற்று. 1927ல் சி.பி.எஸ். வந்தது. மறு வருஷமே அதைக் கைப்பற்றியவர் வில்லியம் பேலி, ஒரு சுருட்டுக் கம்பெனி முதலாளியின் மகன். ரேடியோ விளம்பரத்தால் சுருட்டு வியாபாரம் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். என்.பி.சி. இரண்டு நெட்வொர்க்குகளை வைத்திருந்தது கூடாது என்று சர்க்கார் சொன்னதால், 1943ல் அதில் ஒன்றை விற்றார்கள். வாங்கியவர் மிட்டாய் வியாபாரி எட்வர்டு நோபிள். அதுதான் பிறகு ஏ.பி.சி. ஆயிற்று. சுருட்டும் மிட்டாயும் போட்ட அஸ்திவாரத்தில் எழுந்த மாளிகைகள் இவை!

தொழிலாளிகள் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். சும்மா இல்லை. 1926ல் சிகாகோ நகரத் தொழிற்சங்கச் சம்மேளனம் டபிள்யூ.சி.எப்.எல். என்று சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் வைத்தது. நல்ல அலைவரிசைகளைப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் நிலையத்துக்கு நேரத்தையும் பலத்தையும் குறைத்தார்கள். சங்கம் பல வருஷம் போராடித்தான் நிலைத்தது. 1934ல் ஒளிபரப்புச் சட்டம் வந்தபோது, அலைவரிசைகளில் நாலில் ஒரு பங்கை லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று செனட் சபையில் திருத்தம் வந்தது. கம்பெனிகள் முழு பலத்தோடு எதிர்த்தன. திருத்தம் தோற்றது. காற்று பொதுச் சொத்து என்று சட்டத்தில் எழுதினார்கள். குத்தகை முழுவதும் வியாபாரிகளுக்குப் போயிற்று.

யார் சரக்கு?

1941 ஜூலை 1ந் தேதி, ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால், டெலிவிஷன் திரையில் ஒரு கடிகாரத்தின் படம் சில விநாடி தெரிந்தது. புலோவா கடிகாரக் கம்பெனியின் விளம்பரம். கொடுத்த காசு 9 டாலர். யுத்தத்துக்குப் பிறகு வியாபாரம் வெள்ளமாகப் பெருகிற்று. 1950ல் நூறு அமெரிக்க வீடுகளில் 9 வீட்டில்தான் பெட்டி இருந்தது. 1960ல் 87 வீட்டில் இருந்தது. பத்தே வருஷம்!

இந்த வீடுகளில் யாரும் டிக்கெட் வாங்கவில்லை. ஆனால் கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதித்தன. எப்படி? சந்தையில் மாடு விற்கிறவன் பல்லைப் பிடித்துக் காட்டி விலை பேசுகிறான் அல்லவா? அதே மாதிரி இங்கே தலையை எண்ணி விலை பேசினார்கள். நீல்சன் என்ற கம்பெனி சில வீடுகளின் பெட்டியில் ஒரு கருவியைப் பொருத்தி, எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்று கணக்கெடுத்தது. அந்தக் கணக்கை வைத்து, ஆயிரம் பேருக்கு இவ்வளவு என்று விலை போட்டார்கள். சோப்புக் கம்பெனிக்காரன் காசு கொடுத்து வாங்கியது நாடகத்தை அல்ல. நாடகத்தைப் பார்க்கிற பெண்மணியின் அரை மணி நேரத்தை வாங்கினான். நாடகம் வெறும் தூண்டிற்புழு. பகல் நேரத் தொடர்நாடகங்களுக்கு அங்கே 'சோப்பு நாடகம்' என்றே பெயர். புராக்டர் அண்டு கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனியின் ஒரு நாடகம் 1937ல் ரேடியோவில் தொடங்கி, 1952ல் டெலிவிஷனுக்கு வந்து, 2009 வரை ஓடிற்று!

ஆக, இளந்தோழரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பெட்டியில் வந்தது ஓசிதான். ஏனென்றால் விற்கப்பட்ட சரக்கே பார்ப்பவர்தான். விளம்பரச் செலவையும் கடையில் சோப்பு வாங்கும்போது அவரே கட்டிவிட்டார்.

காசு கொடுக்கிறவன் சும்மா கொடுப்பானா? ஒரு சிகரெட் கம்பெனி செய்தி நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தது. அந்தச் செய்திப் படத்தில் 'புகை பிடிக்காதே' என்ற பலகை தெரியக்கூடாது என்பது நிபந்தனை. இதைவிடக் கொடுமை கேளுங்கள். 1959 ஏப்ரலில் சி.பி.எஸ். ஒரு நாடகம் போட்டது. ஹிட்லரின் நீதிபதிகளை நூரம்பர்க்கில் விசாரித்த கதை. லட்சக்கணக்கான யூத மக்களை விஷ வாயுக் கூடங்களில் அடைத்துக் கொன்றதை அதில் பேசாமல் முடியுமா? ஆனால் விளம்பரதாரர்களில் ஒருவர் அமெரிக்க எரிவாயு சங்கம். அடுப்பு விற்கிறவர்கள்! 'வாயு' என்ற சொல் வரும் இடத்தில் நடிகரின் வாய் அசைந்தது, சத்தத்தை அணைத்துவிட்டார்கள். கொலையைச் சொல்லலாம், கொன்ற பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது.

அதே வருஷம் நவம்பரில் இன்னொரு குட்டு உடைந்தது. கேள்வி பதில் போட்டிகளில் சாமானியர்கள் ஆயிரக்கணக்கான டாலர் ஜெயிப்பதை நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஜெயித்தவர்களில் புகழ் பெற்ற சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர், விடைகளைத் தமக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் சபைக் குழுவின் முன்னால் ஒப்புக்கொண்டார். யார் ஜெயித்தால் கூட்டம் கூடுமோ அவரை ஜெயிக்கவைத்தார்கள்.

கறுப்புப் பட்டியல்

1950 ஜூனில் 'ரெட் சானல்ஸ்' என்று ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. அதில் நடிகர்கள், எழுத்தாளர்கள், பாடகர்கள் என்று 151 பேருடைய பெயர்கள். கம்யூனிஸ்ட் என்றோ, அவர்களுக்கு வேண்டியவர் என்றோ சந்தேகப்பட்ட பட்டியல். கோர்ட் விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது. பேர் இருந்தால் வேலை போயிற்று. சிராகூஸ் நகரத்து மளிகைக் கடை முதலாளி ஒருவர், 'இந்த ஆளை வைத்தால் உங்கள் சரக்கை என் கடையில் விற்கவிடமாட்டேன்' என்ற தோரணையில் விளம்பரக் கம்பெனிகளுக்கு எழுதினாலே போதும், நெட்வொர்க்குகள் நடுங்கின.

பிலிப் லோப் என்ற நடிகர், நடிகர் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர். பிரபலமான ஒரு குடும்ப நாடகத்தில் தகப்பனாராக நடித்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பேர் வந்தது, வேலை போயிற்று. 1955ல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். நாம் இந்தப் பெயரை மறக்கக் கூடாது.

எதிர்த்து நின்றவரும் உண்டு. ஜான் ஹென்றி பாக் என்ற ரேடியோக் கலைஞர், ஒளிபரப்புத் தொழிலாளர் சங்கத் தேர்தலில் கறுப்புப் பட்டியலை எதிர்த்து நின்று ஜெயித்தவர். அவருடைய பிழைப்பிலும் மண் விழுந்தது. அவர் வழக்குப் போட்டார். 1962ல் ஜூரிகள் அவருக்கு 35 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அப்பீலில் தொகையைக் குறைத்தார்கள். ஆனால் பட்டியல்காரர்களின் முதுகெலும்பு முறிந்தது.

கூலிக்காரன் திரையில் வந்த நாள்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம்.

எட்வர்டு மரோ என்று சி.பி.எஸ். கம்பெனியில் ஒரு பத்திரிகையாளர் இருந்தார். ஜனங்களை மிரட்டி வந்த செனட்டர் மக்கார்த்தியின் யோக்கியதையை அவருடைய சொந்தப் பேச்சைக் கொண்டே 1954 மார்ச் 9ந் தேதி திரையில் உரித்துக் காட்டியவர். அந்த நிகழ்ச்சிக்குப் பத்திரிகை விளம்பரம் போடக் கம்பெனி மறுத்ததால், மரோவும் அவருடைய சகா பிரெட் பிரெண்ட்லியும் சொந்தக் காசில் போட்டார்கள்.

இந்த மரோ 1960 நவம்பர் 25ந் தேதி 'அவமானத்தின் அறுவடை' என்ற படத்தைக் காட்டினார். தேதியைக் கவனியுங்கள். அதற்கு முதல் நாள் அமெரிக்கர்கள் வீட்டில் விருந்து வைத்து, விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் பண்டிகை. விருந்து சாப்பிட்ட மறுநாள், அந்த உணவை அறுத்துக் கொடுத்தவன் எப்படி வாழ்கிறான் என்று காட்டினார்.

புளோரிடாவில் விடியுமுன் கூலிக்காரர்கள் மைதானத்தில் கூடுகிறார்கள். கங்காணிகள் லாரியில் நின்று கூலியைக் கூவுகிறார்கள். ஜனங்கள் ஆடுமாடு போல ஏறுகிறார்கள். அறுப்பு வடக்கே நகர நகரக் குடும்பமும் நகர்கிறது. குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஒழுங்கான தண்ணீர் இல்லை, ஒரு கொட்டகையில் ஒரு குடும்பம். முன்னே அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தோம், இப்போது வாடகைக்கு எடுக்கிறோம் என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னதையும் மரோ அதில் எடுத்துச் சொன்னார். நாடு திடுக்கிட்டது. பண்ணை முதலாளிகள் கூச்சல் போட்டார்கள்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1961ல் மரோ அமெரிக்க சர்க்காரின் வெளிநாட்டுப் பிரசார இலாகாவுக்குத் தலைவரானார். பிரிட்டிஷ் பி.பி.சி. அதே படத்தைக் காட்டப்போகிறது என்று தெரிந்ததும், காட்டாதீர்கள் என்று மரோவே கேட்டுக்கொண்டார்! பி.பி.சி. கேட்கவில்லை, காட்டிவிட்டது. மரோ நல்ல மனிதர்தான். நாற்காலி மாறியபோது நல்ல மனிதனும் என்ன ஆனார் பாருங்கள்.

சரி, கூலி ஏறிற்றா? அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமையைப் பாதுகாக்கும் 1935ம் வருஷச் சட்டத்திலும், குறைந்தபட்சக் கூலி கொடுத்த 1938ம் வருஷச் சட்டத்திலும் விவசாயத் தொழிலாளியை வேண்டுமென்றே வெளியே தள்ளியிருந்தார்கள். படம் பார்த்து நாடே கண்ணீர் விட்டபோதும் அந்த வேலி நின்றது. வேலியை அசைத்தது வேறு. 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊரில், லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகத் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள். ஐந்து வருஷம் நடந்தது. திராட்சை வாங்காதீர்கள் என்று நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். 1970ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1966ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் ஒரு பகுதி விவசாயத் தொழிலாளருக்கு முதல் தடவையாகக் கிடைத்தது.

ஆகவே, பெரியவரே, பதில் இது: பெட்டியில் முகம் தெரிந்தது. தெரிந்ததனால் கூலிக்காரன் கஷ்டம் ஊருக்குத் தெரிந்தது. அது சிறிய காரியமல்ல. ஆனால் கூலி ஏறியது சங்கத்தால்.

ஜாக்சன் நகரத்துப் பாடம்

1965 மார்ச் 7ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற ஊரில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கிற்று. அன்று இரவு ஏ.பி.சி. ஒரு சினிமாவை நடுவில் நிறுத்திவிட்டு அந்தத் தாக்குதலின் படத்தைக் காட்டிற்று. எந்த சினிமா தெரியுமா? அதே நூரம்பர்க் விசாரணைக் கதை! ஹிட்லர் ஆட்சியின் அக்கிரமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தங்கள் நாட்டு அக்கிரமத்தை அப்படியே பார்த்தார்கள். ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பிடித்தது கேமிரா. தலையில் அடி வாங்கிப் படத்தை உண்டாக்கியவர்கள் ஊர்வலம் போன ஜனங்கள்.

ஆனால் கறுப்பின மக்களின் குரல் வராமல் தடுத்த நிலையங்களும் இருந்தன. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு நிலையம். சுற்று வட்டாரத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். 1955ல் அவர்களுடைய வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் என்.பி.சி.யில் தோன்றியபோது, அந்த நிலையம் படத்தை நிறுத்திவிட்டு, கம்பியில் கோளாறு, வருந்துகிறோம் என்று அட்டை காட்டிற்று. 1963 மே 20ந் தேதி, நெடுநாள் போராடியபின், மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராட்டத் தலைவருக்கு அதில் பேசச் சில நிமிஷம் கிடைத்தது. ஜூன் 12ந் தேதி அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

அதற்கப்புறமும் ஜனங்கள் விடவில்லை. 1964ல் தொண்டர்கள் ஒரு வாரம் முழுவதும் அந்த நிலையம் காட்டிய ஒவ்வொன்றையும் ரகசியமாக உட்கார்ந்து எழுதினார்கள். எவரெட் பார்க்கர் என்ற பாதிரியாரின் தலைமையில், அந்த நிலையத்தின் லைசென்சைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுப் போட்டார்கள். சர்க்கார் கமிஷன் என்ன சொன்னது? பணம் போட்ட வியாபாரிதான் ஆட்சேபிக்கலாம், பார்க்கிறவனுக்கு ஆட்சேபிக்க உரிமை இல்லை என்றது! 1966ல் கோர்ட் அதைத் தள்ளிவிட்டது; பார்க்கிற ஜனங்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. கமிஷன் மறுபடியும் அந்த நிலையத்துக்கே லைசென்ஸ் கொடுத்தது. 1969ல் கோர்ட் அதையும் ரத்து செய்தது. பிறகு லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நிலையத்தை நடத்திற்று. 1972ல் ஒரு கறுப்பர் அதற்கு மானேஜரானார். சந்தைச் சரக்காக எண்ணப்பட்டவர்கள், 'நாங்கள் சரக்கல்ல, மனிதர்கள்' என்று கோர்ட்டில் நிரூபித்தார்கள். அமெரிக்க டெலிவிஷன் சரித்திரத்தில் நம் நெஞ்சுக்கு மிக நெருக்கமான அத்தியாயம் இதுதான்.

அதற்குப் பிறகு

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். 1966 பிப்ரவரியில் வியட்நாம் யுத்தத்தைப் பற்றி செனட் சபைக் குழு விசாரித்தபோது, சி.பி.எஸ். அதை நிறுத்திவிட்டுப் பழைய தமாஷ் நாடகத்தைத் திரும்பப் போட்டது. முன்னே சொன்ன பிரெண்ட்லி அப்போது செய்திப் பிரிவின் தலைவர். ராஜினாமா செய்து வெளியேறினார். 1986ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி என்.பி.சி.யை வாங்கிற்று. மின்விளக்கும் செய்தது, போர் விமான எஞ்சினும் செய்தது அந்தக் கம்பெனி. எதிர்த்தரப்புக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்றிருந்த 1949ம் வருஷ விதியை 1987ல் எடுத்துவிட்டார்கள். 2003ல் ஈராக் யுத்தத்துக்குச் சில வாரம் முன்னால், என்.பி.சி. குழுமத்தின் கேபிள் சானலில் யுத்தத்தை எதிர்த்தவர்களுக்கு இடம் கொடுத்த பில் டோனஹ்யூவின் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். மர்டாக் முதலாளியின் பாக்ஸ் செய்திச் சானல், 2020 தேர்தலில் ஓட்டு இயந்திரம் மோசடி செய்தது என்ற பொய்யைப் பரப்பியதற்காக 2023ல் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 1967ம் வருஷச் சட்டத்தால் விளம்பர வியாபாரத்துக்கு வெளியே உருவான பொது ஒளிபரப்புக்கு சர்க்கார் கொடுத்துவந்த பணத்தை 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் வெட்டிவிட்டது.

தோழர்களே, பெட்டி சிறுத்துக் கைக்குள் வந்துவிட்டது. வியாபாரம் மாறவில்லை. ஓசியில் ஏதாவது காட்டினால், தலையை எண்ணுகிறவன் யார் என்று முதலில் கேளுங்கள். யார் பேசுகிறார் என்று கவனிக்கும்போதே, யார் பேசவில்லை என்றும் கவனியுங்கள். சத்தம் எங்கே அணைகிறது, 'கம்பியில் கோளாறு' அட்டை எப்போது வருகிறது என்று பாருங்கள். ஜாக்சன் நகரத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார்களே, அவர்கள் கையில் இருந்தது பென்சிலும் நோட்டுப் புத்தகமும்தான்.

இளந்தோழருக்கும் பெரியவருக்கும் பட்ட கடன் தீர்ந்தது என்று நம்புகிறோம். இன்று கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.